வெள்ளம் வடிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனீர்களா?

கேள்வி: "அக்கா, எனக்கு 27 வயது. ஒரு நாளிதழில் நான்கு வருடமாகப் புகைப்படக்காரராக இருக்கிறேன். வெள்ளம், வறட்சி, காட்டுத்தீ என்று எது வந்தாலும் என்னைத்தான் அனுப்புகிறார்கள். எடுத்த படம் மறுநாள் முதல் பக்கத்தில் வரும். அதற்கு மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. வேலையை விட்டுவிட்டு, காலநிலை மாற்றத்தை மட்டுமே படமெடுக்கும் ஃப்ரீலான்ஸ் புகைப்படச் செய்தியாளராகிவிடலாம் என்று யோசிக்கிறேன். சேமிப்பைப் போட்டு ஒருமுறை துருவப் பகுதிக்குப் போய்வந்தால் பெயர் கிடைத்துவிடும் என்கிறார் ஒரு நண்பர். இதில் பிழைக்க முடியுமா? எந்த கேமரா வாங்கலாம்? போன வருடம் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்."

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். துருவத்துக்குப் போகாதீர்கள். கையில் இருக்கும் கேமராவே போதும். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று. ஆனால் நீங்கள் அனுப்பிய படம் இரண்டு நாளாக என் மேசையில் கிடக்கிறது. சொல்ல வேண்டியது அதைப் பற்றித்தான்.

ஒரு பெண் தன் வீட்டு வாசலில், முழங்கால் அளவு தண்ணீரில், நிலைக்கதவைப் பிடித்தபடி நிற்கிறார். வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. அவர் அழவில்லை, கையேந்தவில்லை, நேராக உங்களைப் பார்க்கிறார். அப்படி ஒருவரை நிற்கவிட்டு எடுக்கத் தெரிந்ததே பெரிய விஷயம். கீழே படக்குறிப்பு: "வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட பெண்." அவ்வளவுதான். கோப்பைத் திறந்து தகவல் பகுதியைப் பார்த்தேன். எடுத்த தேதியைத் தவிர எல்லாம் காலி. ஊர் இல்லை, பெயர் இல்லை, தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்றுகூட இல்லை. உங்கள் படம் ஒரே நாளில் மறக்கப்படுவதற்கு வாசகர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

காலநிலையைப் படமெடுக்கவே முடியாது என்பதிலிருந்துதான் இந்தத் தொழில் ஆரம்பிக்கிறது. ஒரு இடத்தின் 30 வருட வானிலையின் சராசரியைத்தான் விஞ்ஞானிகள் காலநிலை என்கிறார்கள். நம் கேமரா எடுப்பதோ ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய இடைவெளியைப் படம் மட்டும் நிரப்பிவிடாது. படக்குறிப்பும், அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதும் சேர்ந்துதான் நிரப்ப வேண்டும். எங்கள் தொழிலில் பாதிப் பேர் முதலாவதை அலட்சியம் செய்வார்கள். மீதிப் பேருக்கு இரண்டாவதற்குப் பொறுமை இருக்காது.

முதலில் படக்குறிப்பு. 2017-இல் வெளிவந்த அந்த மெலிந்த துருவக் கரடியின் காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கனடாவின் சாமர்செட் தீவில் பால் நிக்லன், கிறிஸ்டினா மிட்டர்மையர் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் எடுத்தது. எலும்பும் தோலுமான கரடி, பின்னங்கால்கள் இழுபட நடக்கும். நேஷனல் ஜியோகிராஃபிக் அதை வெளியிட்டபோது, காலநிலை மாற்றம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற பொருளில் ஒரு வரி சேர்ந்துகொண்டது. உலகமே பார்த்தது. உடனே கேள்வி வந்தது: இந்தக் கரடி எதனால் இப்படி ஆனது என்று யாருக்குத் தெரியும்? நோயா, காயமா, முதுமையா? அடுத்த வருடம் மிட்டர்மையரே, அந்தக் குறிப்பிட்ட கரடி ஏன் சாகும் நிலையில் இருந்தது என்று தங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினார். அந்த வரியில் தாங்கள் எல்லை மீறிவிட்டதாக இதழும் ஒப்புக்கொண்டது. துருவக் கடலில் பனி குறைவது உண்மை, கரடிகள் அந்தப் பனியை நம்பி வேட்டையாடுவதும் உண்மை. படமும் பொய்யில்லை. ஒரே ஒரு வரி தாங்க முடியாத சுமையைத் தூக்கிக்கொண்டு நின்றது. காலநிலை மாற்றமே புளுகு என்று சொல்பவர்களுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன், கொஞ்சம் சிறிய அளவில். ஒரு கடற்கரைக் கிராமத்தில் வீடுகள் இடிந்து கடலுக்குள் போவதை எடுத்து, "கடல் அரிப்பு" என்று எழுதி அனுப்பினேன். வெளியிட்ட இதழில் அது "கடல்மட்ட உயர்வு" என்று மாறியிருந்தது. சண்டை போட்டிருக்க வேண்டும். படம் பெரிதாக வந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "வடக்கே கட்டின துறைமுகச் சுவரைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலையேம்மா?" அவர் கேட்டது நியாயம். கரையோரமாக நகர்ந்துகொண்டிருக்கும் மணலை அந்தச் சுவர் ஒரு பக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. மறு பக்கம் மணல் வராததால் கடல் கரையைத் தின்கிறது. கடல்மட்டமும் உயர்கிறதுதான். ஆனால் அந்த ஊரில், அந்தப் பத்து வருடத்தில், வீடுகளை விழுங்கியதில் சுவருக்கே பெரிய பங்கு. என் படத்தைக் காட்டி, இதெல்லாம் உலகப் பிரச்சினை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று அதிகாரிகள் கையை விரித்தால், நான் யாருக்கு உதவியிருக்கிறேன்?

அதனால் உங்கள் வெள்ளப் படத்தின் கீழே முதலில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். அந்த மழையைப் பற்றி விஞ்ஞானிகள் ஏதாவது சொல்லியிருந்தால் அதை அளவோடு சேருங்கள். 'உலக வானிலைக் காரணக் கணிப்பு' என்று சொல்லத்தக்க வேலையைச் செய்யும் வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் போன்ற குழுக்கள், பெரிய வெப்ப அலையோ பெருமழையோ வந்தால், பூமி சூடாகாமல் இருந்திருந்தால் இது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒப்பிட்டுச் சில நாட்களிலோ வாரங்களிலோ சொல்லிவிடுகிறார்கள். சில சமயம், இந்த நிகழ்வில் காலநிலை மாற்றத்தின் பங்கு தெளிவாகத் தெரியவில்லை என்றும் சொல்வார்கள். அப்போது அதையே எழுதுங்கள். அப்புறம் தூர்ந்த வடிகால், ஆற்றுப் படுகையில் எழுந்த கட்டடம், திறக்கத் தாமதமான மதகு என்று உள்ளூர்க் காரணங்கள் இருக்கும். அவற்றை விடக்கூடாது. படக்குறிப்பு நீளமாகிறது என்று ஆசிரியர் வெட்டுவார். வெட்டட்டும். கோப்புக்குள் முழுதாக இருக்க வேண்டும். இருபது வருடம் கழித்து அந்தப் படத்தைத் தேடி எடுப்பவருக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

இனி திரும்பிப் போவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த விஷயம் இது.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜேம்ஸ் பாலோக் 2007-இல் பனியாறுகளின் எதிரே கேமராக்களை நட்டுவைக்கத் தொடங்கினார். கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா, மொன்டானா. பகல் வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் அவை தானாகவே படமெடுத்துக்கொண்டிருக்கும். முதல் சுற்றில் பல கேமராக்கள் வேலை செய்யவே இல்லை. குளிர், காற்று, மேலே விழுந்த பாறை, எல்லாவற்றுக்கும் மேல் படமெடுக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில் கோளாறு. திருத்தி மறுபடி வைத்தார்கள். பனியாறு ஒன்று பின்வாங்குவதைப் பேச்சுக்கே இடமில்லாமல் நம் கண்ணெதிரே காட்டியது அந்தப் பிடிவாதம்தான். 2008-இல் கிரீன்லாந்தின் இலுலிசாட் பனியாற்றின் முகப்பு 75 நிமிடம் விடாமல் உடைந்து விழுந்ததை அவருடைய குழுவில் இருவர் பதிவு செய்தார்கள். அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். வாரக்கணக்கில் கூடாரம் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

உங்கள் நண்பர் சொல்கிற மாதிரி "ஒருமுறை போய்வந்த" யாருக்கும் இது வாய்க்காது. ஒருமுறை போனால் வெள்ளையும் நீலமுமாக அழகான படங்கள் கிடைக்கும். அதே படங்களை உங்களுக்கு முன் போனவர்களும் எடுத்திருப்பார்கள். பேருந்திலோ ரயிலிலோ அரை நாளில் போய்விடக்கூடிய ஒரு இடம் போதும். ஒரு சதுப்பு நிலம், ஒரு ஏரி, ஒரு ஆற்று வளைவு, காடு வெட்டப்படும் ஒரு மலைச்சரிவு, எதுவானாலும் சரி. உங்கள் சேமிப்பு துருவத்துக்கு ஒரு பயணம் தாங்கும் என்றால், இந்த இடத்துக்கு நூறு பயணம் தாங்கும். விமானப் புகையைப் பற்றிய குற்ற உணர்வும் இருக்காது.

அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் 1997 முதல் அரசு நில ஆய்வுத் துறையினர் செய்துவரும் வேலையைப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முன் எடுத்த பனியாற்றுப் படங்களை ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் போய் நின்று மறுபடி எடுக்கிறார்கள். அந்தப் பழைய படங்களை எடுத்தவர்களுக்குக் காலநிலை மாற்றம் என்ற பேச்சே தெரியாது. எங்கே, எப்போது என்று ஒழுங்காகக் குறித்துவைத்தார்கள், அவ்வளவுதான். உங்கள் பகுதியிலும் யாராவது எடுத்திருப்பார்கள். நில அளவைக்காரர், பொறியாளர், கல்லூரி ஆசிரியர், யாரோ ஒருவர். தேடுங்கள்.

மறுபடி எடுப்பதில் சில நுணுக்கங்கள் உண்டு. பழைய படத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் முன்னால் இருக்கும் ஒரு பொருளும் பின்னால் இருக்கும் ஒரு பொருளும் எப்படி ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பாருங்கள். பாறைக்குப் பின்னால் மலை முகடு எங்கே தொடங்குகிறது என்பதைப் போல. அந்தப் பொருத்தம் கிடைக்கும்வரை இடமும் வலமும் நகர்ந்தால், அவர் நின்ற இடத்துக்கு ஒரு அடி தூரத்துக்குள் வந்துவிடலாம். ஜிபிஎஸ் அதற்குப் பிறகுதான், அது சில மீட்டர் தள்ளிக் காட்டும். லென்ஸின் குவியத் தூரம், டிரைபாடின் உயரம், திசை, நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். வருடத்தின் அதே வாரத்தில் போங்கள். மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் ஏரியை எடுத்துவிட்டு "வற்றிவிட்டது" என்று எழுதுவது ஏமாற்று வேலை.

நான் அந்தக் கடற்கரைக் கிராமத்துக்கு 11 வருடம் போனேன். முதல் இரண்டு வருடப் படங்கள் உபயோகமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் "நல்ல கோணம்" தேடினேன். மூன்றாவது வருடம்தான் புத்தி வந்து, கரையில் நின்ற ஒரு மின்கம்பத்தை அடையாளமாக வைத்துக்கொண்டேன். ஆறாவது வருடம் அலை கம்பத்தைத் தொட்டது. எட்டாவது வருடம் கம்பம் தண்ணீருக்குள் சாய்ந்து நின்றது. அடுத்த முறை போனபோது எதை வைத்துச் சட்டகம் போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கேமராவைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தனித்தனியாகப் பார்த்தால் அதில் ஒரு படம்கூட முதல் பக்கத்துக்குத் தேறாது. சேர்த்துப் பார்த்த ஆசிரியர் எட்டுப் பக்கம் கொடுத்தார்.

மனிதர்களிடமும் இப்படித்தான் திரும்பிப் போக வேண்டும், ஆனால் இங்கே கணக்கு வேறு. ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை வளைகுடாவில் விட்ட கழிவிலிருந்த பாதரசம் மீனுக்குள் போய், மீனிலிருந்து மனிதருக்குள் போய், நரம்பைச் சிதைத்தது. 1956-இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. புகைப்படக்காரத் தம்பதி யூஜின் ஸ்மித்தும் ஐலீன் ஸ்மித்தும் 1971-இல் அங்கே போய், வீடு வாடகைக்கு எடுத்து, மூன்று வருடம் தங்கினார்கள். நிறுவனத்தின் ஆட்கள் தாக்கியதில் யூஜினின் பார்வை பாதிக்கப்பட்டது. கருவிலேயே நஞ்சேறிப் பிறந்த மகளைத் தாய் குளிப்பாட்டும் அந்தப் படம் உலகத்துக்கு மினமாட்டாவை அறிமுகப்படுத்தியது. மகள் இறந்து வெகுகாலத்துக்குப் பிறகு, அவளை ஓய்வெடுக்க விடுங்கள் என்று பெற்றோர் விரும்பினார்கள். ஐலீன் 1990-களின் இறுதியில் அந்தப் படத்தைப் புதிதாக வெளியிடுவதை நிறுத்தினார். பல வருடம் கழித்துத் தன் முடிவை மாற்றிக்கொண்டு மறுபடி வெளியிட்டார். இரண்டு முடிவையும் விமர்சித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு முதல் முடிவின் மேல்தான் மரியாதை அதிகம். உங்கள் வாசற்படிப் பெண் நாளைக்கு வந்து, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? இப்போதே யோசித்து வையுங்கள். ஒப்பந்தத்தில் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து, எடுத்துவிடும் அதிகாரமே உங்களிடம் இல்லாமல் போகலாம்.

வெள்ளத்தில் நிற்பவர்களை எடுப்பதற்கு கிடியன் மெண்டல் என்ற புகைப்படக்காரரின் வேலையைப் பாருங்கள். 2007-இல் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் சில வார இடைவெளியில் வெள்ளம் வந்தபோது தொடங்கினார். மூழ்கிய வீட்டுக்கு உரியவர்களோடு தண்ணீருக்குள் இறங்கி, அவர்கள் கேமராவை நேராகப் பார்க்க, நிதானமாக உருவப்படம் எடுத்தார். பிறகு சுவரில் வெள்ளம் விட்டுப்போன கோட்டை எடுத்தார். தண்ணீரில் ஊறிச் சாயம் கரைந்த குடும்பப் புகைப்படங்களையும் சேகரித்தார். உங்கள் படம் அதில் முதல் படியில் நிற்கிறது. சுவர்க்கோடு உங்கள் படத்திலும் மங்கலாகத் தெரிகிறது, கவனித்தீர்களா? கதவின் வலப் பக்கம், நிற்கிற தண்ணீருக்கு இரண்டு சாண் மேலே. அது பழைய வெள்ளத்தின் கோடா, இந்த வெள்ளமே வடியத் தொடங்கியபின் விட்ட கோடா? படத்தின் முக்கியமான செய்தி அதுதான், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெப்பம்தான் எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. பத்திரிகைகள் வெப்ப அலை என்றால் நீரூற்றில் குதிக்கும் குழந்தைகளைப் போடும். பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2019-இல் தன் படக் கொள்கையை மாற்றியபோது இதையும் துருவக் கரடிகளையும் குறைத்துக்கொண்டு, பாதிக்கப்படும் மனிதர்களைக் காட்டப்போவதாகச் சொன்னது. உங்கள் நாளிதழில் இன்னும் நீரூற்றுதான் கேட்பார்கள். அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, கூரைத் தகட்டுக்குக் கீழே வேலை செய்பவரின் பிற்பகல் மூன்று மணியை உங்களுக்காக எடுத்து வையுங்கள்.

பிழைப்பு. காலநிலை மாற்றத்தை மட்டும் எடுத்து மாதா மாதம் வாடகை கட்டுபவர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. பலர் வேறு அசைன்மென்ட், வகுப்பு, தொண்டு நிறுவன வேலை என்று கலந்துதான் ஓட்டுகிறார்கள், நானும்தான். தொண்டு நிறுவனத்துக்கு எடுப்பது செய்தி ஆகாது. பணம் கொடுப்பவர் கதையைத் தீர்மானிப்பார். செய்யுங்கள், ஆனால் அந்தப் படத்தைச் செய்தி என்று விற்காதீர்கள். எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், புலிட்சர் சென்டர், நேஷனல் ஜியோகிராஃபிக் சொசைட்டி ஆகியவை இந்தத் துறைக்கு நிதி கொடுப்பவை. விண்ணப்பத்தில், இந்த இடத்துக்கு ஏற்கெனவே இரண்டு வருடம் போயிருக்கிறேன் என்று எழுத முடிந்தால் அதற்கு இருக்கும் மதிப்பு வேறு. அந்த இரண்டு வருடத்துக்கான சோறுதான் உங்கள் நாளிதழ்ச் சம்பளம். வேலையை விடாதீர்கள் என்றதற்குக் காரணம் அதுதான்.

கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும், நல்ல மழையுறையும், முதலுதவிப் பயிற்சியும் வாங்குங்கள். ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிவு செய்த திருத்தப்படாத மூலக் கோப்புகளை, ஒருபோதும் அழிக்காதீர்கள். 2015-ஆம் ஆண்டின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றுவரை வந்த படங்களில் ஐந்தில் ஒன்று, ரா கோப்போடு ஒப்பிட்டபோது திருத்தல் தெரிந்து வெளியேற்றப்பட்டது. புகையைக் கொஞ்சம் கறுப்பாக்கினால் என்ன என்று கை பரபரக்கும். வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. யுனெஸ்கோ 2024-இல் 129 நாடுகளைச் சேர்ந்த 905 சுற்றுச்சூழல் பத்திரிகையாளர்களிடம் கேட்டதில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தாக்குதலையோ மிரட்டலையோ அழுத்தத்தையோ சந்தித்ததாகச் சொன்னார்கள். 2022 ஜூனில் பிரேசிலின் ஜாவரி பள்ளத்தாக்கில் பத்திரிகையாளர் டாம் பிலிப்ஸும் பழங்குடி மக்களுக்காக வேலை செய்த புரூனோ பெரைராவும் கொல்லப்பட்டார்கள். வெள்ளத்தில் நிற்பதைவிட மணல் அள்ளும் லாரியையோ மரம் ஏற்றும் லாரியையோ எடுப்பது ஆபத்து. அங்கே தனியாகப் போகாதீர்கள். எத்தனை மணிக்குள் அழைப்பு வரவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், உங்களோடு பேசியவர் அங்கேயேதான் இருப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள். சில நேரம் பெயரில்லாத படக்குறிப்பே சரியான படக்குறிப்பு. அப்போதும் உங்கள் நோட்டில் காரணம் இருக்க வேண்டும்.

உங்களுடையது அந்த வகை இல்லை என்று நினைக்கிறேன். அடுத்த விடுமுறை நாளில் அந்த வீட்டுக்குப் போங்கள். படத்தின் ஒரு பிரதியை அவருக்காக எடுத்துப் போங்கள். பெயரைக் கேளுங்கள், அந்தக் கோட்டைப் பற்றிக் கேளுங்கள், தண்ணீர் எத்தனை நாள் நின்றது, இதற்கு முன் எந்த வருடம் வந்தது என்று கேளுங்கள். முதல் நாள் கேமராவை வெளியே எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. அவர் சம்மதித்தால் அதே வாசலில், அதே லென்ஸில், தண்ணீர் இல்லாமல் ஒன்று. அதை, நிரப்பிய தகவல் பகுதியோடு, எனக்கு அனுப்புங்கள்.